நிலத்துப் பாம்பும் கடற்பாம்பும்

(திருவண்ணாமலை வட்டாரக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான சொற்பொழிவு)

திருவண்ணாமலையிலிருந்து கடற்கரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. ஆதலின் இவ்வூர்க் குடியானவர்களுக்குக் கடற்பாம்பைப் பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும், கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் செம்படவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை இங்குள்ள கிராமங்களிலும் வழங்கி வருகிறது. அஃதாவது, கடற்பாம்பின் விஷத்துக்கு முன்னால் நாட்டுப் பாம்பின் விஷம் ஒன்றுமில்லை என்பது. இதைக் கேட்டவர்களில் சிலர் நாட்டுப் பாம்பு அத்தனை கொடியதன்று என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தினால் உயிர்ச்சேதம் உண்டாகக்கூடும். ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வது கடலையே கண்டிராத குடியானவருக்கும் பயன்படுவதாகும்.

முதலில் உறவு முறையைச் சொல்ல வேண்டும். கடற்பாம்பு வேறொரு ஜாதி அன்று; நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தில் வாழ்ந்த விஷப்பாம்புகளிற் சில பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கடலில் இறங்கி, அங்கேயே நிலைத்து, உடலமைப்பில் மாறுதல் அடைந்தன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இக்குடும்பத்தைச் சேராதவை. அவை வேறு வழியில் வந்தவை. அவற்றின் பல்லமைப்பும் விஷமும் வேறு. எனவே, குடும்பத்தைக் கொண்டு பார்த்தால், கட்டுவிரியனுக்குக் கண்ணாடி விரியனைவிடக் கடற்பாம்பே நெருங்கிய பங்காளியாகும். ‘விரியன்’ என்ற பெயர் பொதுவாயிருப்பது கண்டு மயங்குதல் கூடாது.

கடலில் இறங்கியதனால் உண்டான மாறுதல்களுள் முதன்மையானது வால். நிலத்துப் பாம்பின் வால் உருண்டு ஒடுங்கிச் செல்லும்; கடற்பாம்பின் வாலோ இரு பக்கமும் தட்டையாகித் துடுப்பைப் போல் அமைந்திருக்கும். மூக்குத் துவாரங்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்து, நீரில் மூழ்கும்போது மூடிக்கொள்ளும். மீனைப் போல் செவுள் கிடையாது. மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். எனினும் ஒரு மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் உள்ளே தங்கியிருக்க வல்லவை உண்டு. தோலின் வழியாகவும் ஓரளவு பிராணவாயுவை நீரிலிருந்து பெறுகின்றன. உடலிற் சேரும் உப்பை வெளியேற்ற நாக்கின் அடியில் ஒரு சுரப்பி உளது. வியப்பு என்னவெனில், கடலிலேயே பிறந்து கடலிலேயே மாளும் மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு தாகத்துக்குக் கடல் நீரைக் குடிப்பதில்லை; பெருமழை பெய்து கடலின் மேற்பரப்பில் நல்ல நீர் படரும்போது அதனைக் குடிக்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பெரும்பாலான கடற்பாம்புகள் முட்டையிடுவதில்லை. நீரிலேயே குட்டி போடுகின்றன. அந்தமான் தீவுகளில் காணப்படும் கடற்கட்டுவிரியன் மட்டும் கரையேறி முட்டையிடும். வயிற்றுச் செதில்கள் தேய்ந்து சிறுத்துவிட்டமையால், மற்றவற்றை அலை கரையில் ஒதுக்கிவிட்டால் ஊர்ந்து செல்ல இயலாமல் தவிக்கும்.

இவற்றிலிருந்து உள்நாட்டாருக்கு ஒரு பயன் உண்டு. ஏரி, குளம், கிணறு, சாத்தனூர் அணையின் வாய்க்கால் முதலிய இடங்களில் நீந்தும் பாம்பு எதுவும் கடற்பாம்பு அன்று. வலையிலும் தூண்டிலிலும் அகப்பட்டு, பிடித்தவுடன் சீறிக் கடிக்கும் தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை. ஆனால் நீரில் நீந்துவனவெல்லாம் தண்ணீர்ப் பாம்பே என்று துணிவதும் தவறு. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தேவை நேர்ந்தால் நன்றாக நீந்தும். ஏரி நிரம்பிய காலத்தில் கரை மேட்டுக்கு ஒதுங்கி வருவனவற்றுள் இவையும் இருக்கும்.

இனி, விஷத்தின் வலிமையைப் பார்க்கலாம். கடற்பாம்புகளுள் மூக்கு அலகு போல் வளைந்த ஓர் இனம் சோழமண்டலக் கரையில் ஆற்று முகத்துவாரங்களிலும் சேற்றுப் பாங்கான ஆழமில்லாத கடலிலும் மிகுதி. பழைய சாஸ்திர நூல்களில் இதன் லத்தீன் பெயரோடு ‘வலகடியன்’ என்ற தமிழ்நாட்டுச் சொல்லும் சேர்ந்திருந்தது. இதன் விஷத்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திச் சோதித்ததில், ஒரே எடையுள்ள நல்ல பாம்பு விஷத்தைவிடப் பல மடங்கு கொடியது எனத் தெரிந்தது. இவ்வளவில் செம்படவர் வார்த்தை மெய்யே.

ஆயினும், சங்கத்தில் கடன் வாங்கிப் பழகியவர் எவரும் வட்டி விகிதத்தை மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை. முதல் எவ்வளவு என்றும் கேட்பார்கள். விஷத்தின் வலிமை வட்டி விகிதத்தைப் போன்றது. பாம்பு செலுத்தும் அளவு முதலைப் போன்றது. வலகடியனிடமிருந்து ஒரு முறை எடுக்கக்கூடிய விஷம் பொதுவாகச் சுமார் எட்டு அல்லது பத்து மில்லிகிராம். நல்ல பாம்பிடமும் கண்ணாடி விரியனிடமும் நூறு மில்லிகிராமுக்கு மேலும் கிடைப்பதுண்டு. கட்டுவிரியனின் அளவு குறைவு. ஆனால் வலிமை மிக்கது. அன்றியும் கடற்பாம்பின் பற்கள் மிகச் சிறியவை. கண்ணாடி விரியனின் பற்களோ நீண்டு, மடங்கி நிமிரும் தன்மையுடையனவாய், சதையில் ஆழப் பதிகின்றன. கடைசியாக, கடிபடும் சந்தர்ப்பம் எத்தனை என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். கடற்பாம்பு மனிதனைத் தேடிக் கரைக்கு வருவதில்லை. வலையை இழுப்பவனும் சேற்றுக் கடலில் நடப்பவனுமே அதன் எதிர்ப்படுகிறார்கள். நிலத்துப் பாம்போ எலியைத் தேடிக் களத்துக்கும், களத்திலிருந்து வீட்டுக்கும் வருகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர் சுமார் 12 லட்சம் பேர் என்றும், சராசரி ஆண்டொன்றுக்கு 58,000 பேர் என்றும் 2020-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. இறந்தவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். இத்தொகையில் கடற்பாம்பால் மாண்டோர் மிகச் சிறிய பின்னமே. ஆகவே, விஷம் எது கொடிது என்று கேட்டால் கடற்பாம்பினது என்பது விடை. ஆள் எதனால் சாகிறான் என்று கேட்டால் விடை வேறு. இவ்விரு கேள்விகளும் ஒன்றென மயங்கியதே மேற்சொன்ன வார்த்தைக்குக் காரணம்.

விஷம் உடலில் செய்யும் வேலையும் ஒரே விதமன்று. நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, குரல் கம்மும், முடிவில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். நல்ல பாம்பு கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் காணும். அதனால் கடிபட்டது தெரிந்துவிடும். கட்டுவிரியன் அப்படியன்று. இரவில் தரையில் படுத்துறங்குபவனை அது கடிக்கும்போது பெரும்பாலும் அவன் விழிப்பதுகூட இல்லை. விடியற்காலையில் வயிற்று வலியென்றும் தொண்டை அடைப்பென்றும் எழுந்திருப்பான்; வீட்டார் அஜீர்ணம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். காயம் தேடினாலும் கண்ணுக்குப் புலப்படாது. பாயில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தூக்க முடியாமற் போனால், பாம்பைக் கண்டவர் எவருமில்லாவிடினும் கட்டுவிரியன் கடி என்றே கொண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருந்தால் காப்பாற்றப்படும் உயிர்கள் பல.

கண்ணாடி விரியனின் விஷமும் சுருட்டை விரியனின் விஷமும் இரத்தத்தைத் தாக்குகின்றன. இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். ஈறிலிருந்தும் பழைய புண்ணிலிருந்தும் கசியும். கண்ணாடி விரியன் கடியில் வீக்கம் கடுமையாய் ஏறும். சிறுநீரகங்கள் கெடுவதும் உண்டு. மருத்துவர் இதனைக் கண்டறியும் முறை மிக எளியது. நோயாளியின் இரத்தம் சிறிதளவு ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இதற்கு யந்திரம் வேண்டுவதில்லை, கடிகாரமே போதும்.

கடற்பாம்பின் கடி ஆரம்பத்தில் கட்டுவிரியன் கடியை ஒத்திருக்கும். வலியில்லை, வீக்கமில்லை, முள் குத்தியது போல் ஒரு சிறு குறி. செம்படவன் கெளிற்று முள்ளோ என்று எண்ணி வேலையைத் தொடருவான். அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் கை கால் கழுத்துத் தசைகள் விறைத்து நோகும், தாடை இறுகும். நரம்பைத் தாக்குவதோடு நில்லாமல் இவ்விஷம் தசைகளையே சிதைக்கிறது. சிதைந்த தசையிலுள்ள செம்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்கும். அதனால் சிறுநீரகம் அடைபடும். தசையிலிருந்து வெளிப்படும் பொட்டாசியம் இருதயத்தை நிறுத்திவிடவும் கூடும். கட்டுவிரியன் கடிபட்டவன் தசை சோர்ந்து கிடப்பான். கடற்பாம்பு கடிபட்டவன் அசைக்கும்போதெல்லாம் தசை நோகிறதென்று அலறுவான். இவ்வித்தியாசத்தை ஆஸ்பத்திரியில் சொன்னால் வைத்தியர் உடனே அறிந்துகொள்வார்.

மலாய் நாட்டில் பினாங்குத் தீவில் 1950-களிலும் 1960-களிலும் அலிஸ்டர் ரீட் என்ற வைத்தியர் கடற்பாம்பு கடித்த செம்படவர்களைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். அவர் கண்டவற்றுள் முக்கியமானது, கடிபட்டவரிற் பெரும்பாலோருக்கு விஷம் ஏறவேயில்லை, அல்லது மிக அற்பமாகவே ஏறியது என்பது. பாம்பு தன் இரைக்காக வைத்திருக்கும் விஷத்தைத் தற்காப்புக்காகக் கடிக்கும்போது பல தடவை செலவிடுவதில்லை. நிலத்துப் பாம்புகளிலும் விஷமேறாக் கடிகள் உண்டு. மந்திரவாதியின் கீர்த்தி முழுவதும் இந்த விஷமேறாக் கடிகளின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. விஷமில்லாத பாம்பு கடித்தவனும், விஷப்பாம்பு கடித்தும் விஷம் ஏறாதவனும் அவனிடம் பிழைத்தே தீருவார்கள். விஷம் ஏறியவனை மட்டும் அவன் ‘விதி’ என்று சொல்லி விட்டுவிடுகிறான். இதில் அவன்மேல் வஞ்சகம் கற்பிக்க வேண்டுவதில்லை. அவனும் உண்மையாகவே நம்புகிறவனாயிருக்கலாம். ஆனால் அவன் வீட்டுத் திண்ணையில் கழியும் இரண்டு மணி நேரத்தைத் திருப்பித் தரவல்லவர் எவருமில்லை.

விஷத்துக்கு நிச்சயமான மாற்று ஒன்றே. அது விஷமுறிவு மருந்து. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து இதனைச் செய்கிறார்கள். இந்தியாவில் செய்யப்படும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்ந்து ஏற்பட்டது. கடற்பாம்பின் விஷம் அதில் சேரவில்லை. கடற்பாம்புக்கென ஆஸ்திரேலியாவில் ஒரு மருந்து செய்கிறார்கள். இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது சாதாரணமாகக் கிடைப்பதன்று. ஆகவே கடற்பாம்பு கடித்தவருக்குச் செயற்கைச் சுவாசம், இரத்தச் சுத்திகரிப்பு முதலியவற்றாலேயே உயிரைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது. நிலத்துப் பாம்பு கடித்தவருக்கு மருந்து கையருகே இருக்கிறது. அதனை அடையாமற் சாவது எத்தனை பரிதாபம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மருந்துக்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது என்பது கூட்டுறவுச் சங்கத்தார் அறிய வேண்டிய செய்தியாகும். அதன் பெரும் பகுதியைப் பல ஆண்டுகளாக அளித்து வருவது மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கம். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான இருளர் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து அற்பக் கூலி பெற்று வந்தனர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டு, பின்னர்த் தோல் ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டபோது அவர்கள் பிழைப்பு அற்றுப்போயிற்று. அதுசமயம் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையுடன் 1978-ல் இச்சங்கம் ஏற்பட்டது. கொன்று தோலை விற்றால் ஒரு பாம்பினால் ஒரு முறைதான் காசு. உயிரோடு வைத்து விஷத்தை எடுத்துவிட்டால் பாம்பும் பிழைக்கும், மருந்தும் கிடைக்கும் என்பதே இதன் அடிப்படை.

அங்கத்தினர் பிடித்துவரும் பாம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி மட்பானையில் இடப்பட்டு, வாய் துணியால் கட்டப்படுகின்றன. சுமார் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரத்துக்கொரு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் ஆறுமுன் அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் ஏற்றுக்கொள்வதில்லை. விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்து செய்யும் ஸ்தாபனங்களுக்கு விற்கிறார்கள். எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதித்தால் அங்கத்தினர் வருமானமும் தடைப்படும், மருந்து செய்வோர் கையிருப்பும் குறையும். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. எழுத்தறிவு இல்லாதவர்களால் சங்கம் நடத்த இயலுமா என்று கேட்பவர்களுக்கு வடநெம்மேலியைக் காட்டலாம்.

திருவண்ணாமலை ஜில்லாவுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் தேசத்துக்குத் தேசம் அதன் விஷம் சிறிது மாறுபடுகிறது. இருளர் சங்கம் பாம்பு பிடிப்பது செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில். அதாவது பக்கத்து ஜில்லாக்களில். ராஜஸ்தானத்தாரும் வங்காளத்தாரும் தம் ஊர்ப் பாம்புக்கு இம்மருந்து முழுமையாய்ப் பொருந்தவில்லையென்று குறை கூறலாம். இங்குள்ளவர்களுக்கோ மருந்துக்கு மூலமான பாம்பு அடுத்த ஊர்ப் பாம்பே.

மருந்து இருந்தும் பயன்படாமற் போவதற்குத் தாமதமே முதற் காரணம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில் ஒட்டியபின் மருந்து அதனை எளிதில் அகற்ற மாட்டாது; அப்போது நாட்கணக்கில் யந்திரத்தால் மூச்சு விடச் செய்ய வேண்டிவரும். கடிபட்டவரை முதலில் தைரியப்படுத்த வேண்டும். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்ததற்குச் செய்வது போல் சட்டம் வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மோதிரம், மெட்டி, வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடாது. விரியன் கடியில் அவ்விதம் கட்டிய உறுப்பு அழுகிப்போவதுண்டு. கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. இரத்தம் உறையாதவனுக்குக் கீறிய காயமே எமனாகும். மிளகு, மிளகாய் கொடுத்து ருசி சோதிப்பதால் ஒன்றும் தெரியாது. பாம்பைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். நான்குக்கும் மருந்து ஒன்றேயாதலின் பாம்பைக் காட்டாமலே சிகிச்சை நடக்கும். 108 எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும். மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குமாதலால், அதற்கும் மாற்று வைத்துள்ள அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏற்ற வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவே மருந்து ஏற்றுவார்கள். ஆள் சிறியவனானாலும் பாம்பு செலுத்திய விஷம் சிறியதன்றே! இதைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டுவதில்லை.

கடிபடாமலிருக்கும் வழிகளிற் செலவுள்ளவை சிலவே. தரையில் பாய் போடாமல் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் படுக்கையின் அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் அண்டாது. கொசுவுக்கென வாங்கிய வலையால் இரட்டை லாபம். நிலக்கடலை பிடுங்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் சருகுக்குள் வெறுங்கையை விடாமல் முதலில் கோலால் தட்ட வேண்டும். இரவில் நீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு முழங்கால் உயரமுள்ள ரப்பர்ப் பூட்சும் கைவிளக்கும் அவசியம். சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை சகாயமாகும். கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் செல்வது பக்தர்களின் நியமமாதலால், பாதையை விட்டு விலகிப் பாறை இடுக்கிலும் புதரிலும் ஒதுங்காதிருப்பதே அவர்களுக்குரிய காவல். சாரைப் பாம்பைக் கண்ட இடத்தில் அடிப்பது நஷ்டமான காரியம். சாரையும் நல்ல பாம்பும் ஆணும் பெண்ணும் என்பது பொய். இரண்டும் வெவ்வேறு இனம். சாரை ஒன்று களத்தில் எலியைக் குறைத்தால், எலியைத் தேடி வரும் விரியனும் குறையும்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியைப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இதனால் அரசு ஆஸ்பத்திரிகளேயன்றித் தனியார் ஆஸ்பத்திரிகளும் தம்மிடம் வரும் ஒவ்வொரு கடியையும் சர்க்காருக்குத் தெரிவித்தல் வேண்டும். மந்திரவாதியிடம் போய் மாண்டவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. செங்கத்தில் எம்மாதத்தில் கடி மிகுதி, கலசபாக்கத்தில் எத்தனை, போளூரில் எத்தனை என்று எண்ணிக்கை சேரச் சேர, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை குப்பி மருந்து முன்கூட்டி அனுப்ப வேண்டும் என்பது தெளிவாகும். கடற்கரை ஆஸ்பத்திரிகளில் வலையிழுக்கும்போது கடிபட்டவர்களையும் இவ்வாறே தனித்துக் குறித்து வந்தால், கடற்பாம்புக்கும் இந்நாட்டில் மருந்து செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல அக்கணக்கு உதவும்.